கம்பெனிக்கு ஒரு ஆள்

எங்கள் அக்கா வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு சிகரெட் கூடப் பிடித்ததில்லை. கையில் சிகரெட் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததும் குறைவுதான். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அக்காவே ரொம்ப வருஷம் நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் நியாயமான காரணமும் இருந்தது.

மாமாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க உத்தியோகம். ஒல்லி, நல்ல உயரம், அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, காகிதத்தில் மடித்த நாலு ஏலக்காய். காலையில் அந்தப் பக்கம் ஆபீசுக்கு நடந்துபோகிற யாரையும் போலத்தான் இருப்பார். அவரிடம் இருந்த ஒரே விசேஷம், யாராவது தனியாக நின்று சிகரெட் பிடித்தால் அவரால் தாங்க முடியாது. பந்தியில் ஒருத்தர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அவருக்கு. போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வார்.

"ஒத்தையா நின்னு புகை உட்டுகிட்டு இருந்தா பாக்கறதுக்கு என்னமோ மாதிரி இருக்குது சின்ன மச்சான். கூட ரெண்டு வார்த்த பேசினா நாம கொறஞ்சா போயிடுவோம்?" என்பார்.

ஆபீசுகளில் இதற்குக் 'கம்பெனி கொடுப்பது' என்று பெயர். பிடிக்கிறவர் "வாங்க சார், சும்மா கம்பெனிக்கு" என்று கூப்பிட்டால் பிடிக்காதவரும் பின்னாலேயே பெட்டிக்கடைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் ஃபைல் இருக்கிறது, போன் வரும் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவார்கள். மாமா தப்பித்ததே இல்லை. ஒருத்தரோடு போய்விட்டுத் திரும்பும்போது படியில் அடுத்தவர் இறங்கி வருவார். மாமா அப்படியே திரும்பி அவரோடு நடப்பார். பிடிக்கிறவர்கள் ஆளுக்கு நாலோ அஞ்சோதான் பிடித்தார்கள். மாமா பக்கத்தில்தான் அத்தனை பேருடையதும் எரிந்தது.

பிடிக்கிறவர்களிலும் மரியாதை தெரிந்தவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படக்கூடாது என்று தலையைத் திருப்பிப் புகையை விடுவார்கள். மாமாவுக்கு அது சங்கடம். பேசுகிறவருடைய காதைப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை என்று அவரும் சுற்றிப் போய் முகத்துக்கு நேராக நின்றுகொள்வார். அவர் இந்தப் பக்கம் திரும்ப, இவர் இந்தப் பக்கம் வர, பெட்டிக்கடை வாசலில் இரண்டு பேர் மெதுவாக வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சிகரெட் அவர் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எதிரே பிடிக்கமாட்டார்கள். தலை நரைத்த ஆள்கூட, சித்தப்பா முறை ஆகிறவர் வந்துவிட்டால் கையைப் பின்னால் கொண்டுபோவார். கீழே போட்டு மிதிக்கலாம்தான், ஆனால் பாதி எரிந்ததைப் போட யாருக்கும் மனசு வராது. பக்கத்தில் பயமில்லாத ஆள் ஒருத்தர் நின்றால் அவர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வணக்கம் வைப்பார்கள். மாமாதான் எப்போதும் பக்கத்தில் நிற்பாரே. அவர் அதை ஊதுவத்தி மாதிரி நேராக, இரண்டு விரலில் நுனியாகப் பிடித்திருப்பார். பெரியவர் தாண்டிப் போனதும் சாம்பல் உதிராமல் திருப்பிக் கொடுப்பார். அடுத்தவர் பொருள் சேதாரம் ஆகக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

ஒரு தடவை ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று வந்தால் தாள் பறக்கும் என்று அந்த அறையில் ஜன்னலைத் திறப்பதே கிடையாது. மாமாவும் உள்ளேதான் இருந்தார், கம்பெனிக்கு. திடீரென்று அதிகாரி வந்துவிட்டார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் மாமாவிடம் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு ஃபைல் கட்டைத் தூக்கிப் புரட்ட ஆரம்பித்தார்கள். மூன்று சிகரெட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு மாமா நடுவில் நின்றார்.

"ஒன்னு பத்தலயாய்யா உனக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"தப்புதான் சார். இனிமே இல்ல சார்" என்றார் மாமா.

மூன்று பேர் பெயரையும் சொல்லவில்லை. அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாளிலிருந்து மத்தியானம் டீக்கு இறங்கும்போது அவரும் மாமாவைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அவருக்கும் பழக்கம் உண்டு, கூட வர ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

இப்போது அக்காவின் நியாயத்துக்கு வருகிறேன். அது எங்கள் ஊரான காடாம்புலியூரில், அவர்கள் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது. எங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சிகரெட் என்றால் பாம்பைப் பார்த்த மாதிரி. உதிர்ந்த முந்திரிச் சருகு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். எந்தக் காலத்திலோ எவனோ போட்ட பீடித் துண்டில் அப்பாவுக்கு ஒரு பக்கத் தோப்பு போயிருந்தது. அதற்குப் பிறகு பீடி பிடிக்கிற ஆளை அவர் முந்திரி பொறுக்கக்கூட விடுவதில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளைக்குத் தோப்பைக் காட்டுகிறேன் என்று எங்கள் அண்ணன் கூட்டிக்கொண்டு போனார். தட்டு மாற்ற நேரமாகிறதே என்று அப்பா தேடிக்கொண்டு போனபோது, பலா மரத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை கையில் சிகரெட்டோடு நின்றிருக்கிறார். அண்ணன் பக்கத்தில் பலாப்பிஞ்சைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பழக்கம் உண்டா?" என்று அப்பா கேட்டார்.

மாமா அண்ணனைப் பார்த்தாராம். அண்ணன் மரத்தைப் பார்த்தாராம். பிறகு மாமா, "இருந்துச்சிங்க மாமா. உட்டுடறேன்" என்றார்.

"நான் அப்பவே சொன்னேம்பா, தோப்புக்குள்ள வேணாம்னு" என்றார் அண்ணன்.

கல்யாணம் நிற்கிற நிலைமைக்குப் போய்விட்டது. உள்ளே புடவை கட்டி உட்கார்ந்திருந்த அக்காதான், அவரே விட்டுவிடுகிறேன் என்று சொன்ன பிறகு என்ன என்று கேட்டு அனுப்பினாள். சாமி படத்துக்கு முன்னால் மாமாவைச் சத்தியம் செய்யச் சொன்னார் அப்பா. இனிமேல் சிகரெட் பிடிப்பதில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். ஆரம்பிக்காத ஒன்றை விட்டுவிடுவதாக ஊரைக் கூட்டிச் சத்தியம் செய்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சத்தியம் தினமும் சாயங்காலம் உடைந்தது. மாமா ஆபீஸ் விட்டு வந்தால் வாசல்படியில் நிற்க வேண்டும். அக்கா கிட்டே வந்து சட்டைக் காலரை மோந்து பார்ப்பாள். சட்டையைக் கழற்றி வாங்கித் தனி வாளியில் போடுவாள். குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கலாம். ஏலக்காய் மென்றுகொண்டு வந்தால் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகும்.

"நான் புடிக்கலம்மா. கூட நின்னேன், அவ்ளோதான்."

"எங்கப்பா பாத்தாரே, அன்னிக்கும் கூடத்தான் நின்னீங்களா?"

மாமா துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்விடுவார்.

அக்கா சண்டைக்காரி இல்லை. அவளுக்குச் சிகரெட்டை விடப் பொய்தான் வலித்தது. "புடிச்சிட்டுப் போவட்டும்டா. வாயத் தொறந்து ஆமான்னு சொல்லிட்டா நான் உட்டுடுவேன். கற்பூரத்த அணச்சிட்டுத் தெனமும் என் மூஞ்சப் பாத்துப் பொய் சொல்றாரே, வேற என்னென்ன சொல்வாரு?" என்று என்னிடம் கேட்பாள். அவள் எதையும் மறக்கிற ஜாதியும் இல்லை. அவர் சம்பளக் கவரைக் கொடுத்தாலும், வயிறு சரியில்லை என்று சொன்னாலும், ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். அந்த ஒரு நிமிஷத்தை மாமா ஒவ்வொரு தடவையும் தலைகுனிந்து நின்று கடப்பார்.

நான் படித்து முடித்து மஞ்சக்குப்பத்தில் ஓர் எலெக்ட்ரிகல் கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் அக்கா என்னை வேவு பார்க்க அனுப்பினாள். கடையிலிருந்து பார்த்தால் அந்தப் பெட்டிக்கடை தெரியும். ஒரு வாரம் பார்த்தேன். சிகரெட் கைக்கு வந்தது, கையிலிருந்து போனது, வாய்க்கு ஒரு தடவையும் போகவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மாமா கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எதற்கு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

"நல்லாப் பாத்துக்க சின்ன மச்சான். பாத்தத அப்படியே போயிச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். அக்கா முழுசாகக் கேட்டாள்.

"டீ வாங்கிக் குடுத்தாரா?"

"ஆமா."

"வடை?"

"அதும்தான்."

"அதான பாத்தேன்" என்றாள். அதோடு என் சாட்சியம் முடிந்தது.

பிறகு பொது இடத்தில் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. ரெக்கார்டு ரூமில் 'இங்கு புகை பிடிக்காதீர்' என்று போர்டு வைத்தார்கள். ஆளுயர போர்டு. அதன் பின்னால் நின்றால் வெளியே தெரியாது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். இடம் குறுகல் என்பதால் மாமா இன்னும் நெருங்கி நின்றார். அதன் பிறகு அவரைச் சிதம்பரத்துக்கு மாற்றினார்கள். கடலூரிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஒரு காரில் போய்வருவதாக ஏற்பாடு. மற்ற மூன்று பேரும் பிடிக்கிறவர்கள். ரோட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் தூசு. தூசு உடம்புக்கு ஆகாது என்று கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போவார்கள்.

"கண்ணாடிய எறக்கச் சொல்லக் கூடாதா மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தூசு ஆலப்பாக்கம் தாண்டுற வரைக்கும்தான். அதுக்குள்ள எறக்கு, ஏத்துன்னு சொன்னா மூஞ்சிய முறிச்ச மாதிரி ஆயிடும்" என்றார். பிறகு, "நான் இழுக்கலியே, எனக்கு என்னா வந்துடப் போவுது?" என்றார்.

இதை அவர் மனதார நம்பினார். வாயில் வைக்காதவருக்கு ஒன்றும் வராது என்பது அவர் கணக்கு. எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது.

இருமல் முதலில் மாசிப் பனி என்றார்கள். பிறகு ரோட்டுத் தூசு என்றார்கள். மாமா ஆபீஸ் மாடிப்படியில் நடுவில் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் பழைய சுற்றறிக்கையைப் படிக்க ஆரம்பித்தார். ஒரே சுற்றறிக்கையை ஒரு வருஷம் படித்தார். மூச்சு வாங்குகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

மாமா தன் பெண்ணைச் சிதம்பரம் பக்கம் கிள்ளையில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே பேரனுக்கு முதல் பிறந்தநாள். வாசலில் பலூன் கட்ட வேண்டும் என்று மாமா பாக்கெட்டைப் பிரித்து உட்கார்ந்தார். ஒரு பலூனை வாயில் வைத்து ஊதினார். எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி ஊதினார். அதற்குள் முன்னால் போன காற்று இறங்கிவிட்டது. முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் தெரிந்தது. எங்கள் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குடு மாப்ள" என்று வாங்கினார். அண்ணன் அப்போது ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்குக் குறையாமல் பிடிப்பார். அத்தனை பலூனையும் அவரே ஊதி, முடிச்சும் போட்டுவிட்டு, அசதிக்கு ஒன்று பற்ற வைக்க வாசலுக்குப் போனார். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் பின்னாலேயே போனார்.

அக்கா அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா, மூச்சு உட முடியல, அப்பயும் போறாரு பாரு" என்றாள் என்னிடம். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் அன்றைக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் காரில்தான் போனோம். மாமாவை ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து நாங்கள் நாலு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். சின்ன வயசு டாக்டரம்மா. படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா சிகரெட் பிடிக்கறீங்க?" என்று கேட்டார்.

"இல்லம்மா, பழக்கம் இல்ல" என்றார் மாமா.

"மறைக்காதீங்க சார். இது வைத்தியத்துக்காகக் கேக்கறது."

அக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எங்க நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடிலேந்தே உண்டும்மா. எங்கப்பா கண்ணால பாத்துருக்காரு. சத்தியம் பண்ணிட்டு உடல. இங்க வந்தும் பொய்தான் சொல்றாரு" என்றாள்.

மாமா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. தோப்பைப் பாகம் பிரித்தாகிவிட்டது. இனிமேல் அந்த ரகசியத்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. மூச்சு போகிற நிலைமையிலும் அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அண்ணன், "அது என்னுது" என்றார்.

"எது சார்?" என்றார் டாக்டரம்மா.

"அந்த சிகரெட்டு. அப்பா வர்றாருன்னு மாப்ள கையில குடுத்துட்டேன். அவரு புடிக்கறதில்ல."

அக்கா அண்ணனைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். மாமா ஏதோ தானே மாட்டிக்கொண்டவர் மாதிரி, "உடு மச்சான், அது எப்பயோ நடந்தது" என்றார். எனக்கு அண்ணனை எழுந்து அறையலாம் போல இருந்தது. அவர் வயதை நினைத்தும், டாக்டர் எதிரில் என்பதாலும் கையை அடக்கிக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் குடும்பக் கதை தேவைப்படவில்லை. "அப்ப புகை எங்கேருந்து வந்தது? வீட்டுல விறகடுப்பா? மில்லுல வேலையா?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். பெட்டிக்கடை, ரெக்கார்டு ரூம், போர்டு, கார், கண்ணாடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நுரையீரலுக்கு யார் காசு குடுத்து வாங்கின சிகரெட்டுன்னு தெரியாது சார்" என்றார் மாமாவிடம். "பிடிக்கிறவர் வெளியே விடற புகையும், நுனியில சும்மா எரியற புகையும் பக்கத்துல நிக்கறவருக்குள்ள போகும். நுனியில எரியறது எந்த ஃபில்டர் வழியாவும் வர்றதில்ல. உங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிப்போச்சு. காத்து உள்ள போயிடுது, வெளிய வரத்தான் வழி இல்ல. இனிமே மோசமாகாம பாத்துக்கலாம், பழையபடி ஆகாது."

"நான் இழுக்கலியேம்மா" என்றார் மாமா.

"மூச்சு இழுத்தீங்கல்ல சார்?"

மாமா யோசித்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

டாக்டரம்மா அண்ணனையும் ஊதிப் பார்க்கச் சொன்னார். வயசுக்குப் பரவாயில்லை என்று வந்தது. "இதப் பாத்து சந்தோஷப்படாதீங்க. உங்களுக்கு இன்னும் வரல, அவ்வளவுதான்" என்றார். அண்ணன் பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் நாலு பக்கக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. அக்கா பின்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம் தாண்டி, அவர் காலரைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி டெட்டால் வாசனைதான் அடித்திருக்கும். அப்படியே அந்தக் காலரில் முகத்தை வைத்துக்கொண்டு கடலூர் வரும் வரைக்கும் அழுதாள். மாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கிற அண்ணன் பார்க்கிறாரே என்று கூச்சப்பட்டார்.

அதற்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்த்து யோசிக்கிற அந்த ஒரு நிமிஷம் நின்றுபோனது. அவர் எதைச் சொன்னாலும் நம்பினாள். கஞ்சி போதும் என்றால் போதும், வலி இல்லை என்றால் இல்லை. கடைசிக் காலத்தில் மாமா அவளிடம் நிறையப் பொய் சொன்னார், வலி விஷயத்தில்.

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்தோம். ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு உறுமல் உறுமிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு நீளக் குழாய் மாமா மூக்குக்கு. குழாயின் நீளம்தான் அவர் நடமாடுகிற தூரம். ஹால், பாத்ரூம், ஜன்னல். ஆபீஸ் ஆட்கள் வருவார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, "தோ வந்துடறோம்" என்று தெருவுக்குப் போவார்கள். மாமா ஜன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவருக்கு அந்த வீட்டில் சரியாக உட்கார முடிவதில்லை. பலாச்சுளை கொண்டுவந்திருந்தார். மாமா கை நீட்டி ஒன்று எடுத்து, வாசனை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். அண்ணன் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வேப்பமரத்தடியில் தனியாக நின்று பற்ற வைத்தார்.

மாமா கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார்.

"எங்க?" என்றாள் அக்கா.

"ஒத்தையா நிக்கிறாரு பாரு."

எழுந்து இரண்டடி வைத்தார். குழாய் விறைத்துக்கொண்டு மூக்கை இழுத்தது. நான் போய்ப் பிடித்து உட்கார வைத்தேன். அவருக்கு ஜன்னலை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அக்கா செருப்பை மாட்டினாள்.

"நீங்க இருங்க. நான் போறேன்" என்றாள்.

ஜன்னலிலிருந்து மாமாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா வேப்பமரத்தடிக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றாள். அண்ணன் தலையைத் திருப்பிப் புகையை விட்டார். அக்கா சுற்றிப் போய் அந்தப் பக்கம் முகத்துக்கு நேராக நின்றாள். அண்ணன் இந்தப் பக்கம் திரும்பினார். அவளும் வந்தாள்.

"நீ எதுக்கும்மா வந்த? புகை" என்று அண்ணன் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"அவரால எழுந்து வர முடியல. கம்பெனி இல்லாம நிக்கிறியாம், அதான் நான் வந்தேன்."

அண்ணனுக்குச் சிகரெட்டை வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே போடவும் தோன்றவில்லை. அக்கா கையை நீட்டினாள்.

"குடுண்ணா, நான் புடிச்சிக்கிறேன். அவரு புடிச்சிகிட்டு நின்ன மாதிரி."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிப் பையைக் கொடு என்கிற மாதிரிதான் சொன்னாள். அண்ணன் கொடுக்கவில்லை. சிகரெட் அவர் விரலிலேயே எரிந்து, விரலைச் சுட்ட பிறகு கீழே விழுந்தது. அக்கா அதைச் செருப்பால் தேய்த்து அணைத்துவிட்டு உள்ளே வந்தாள். மாமாவுக்குத் திருப்தி. "தனியா உடக் கூடாது" என்றார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மாமா போய்விட்டார். சாவுக்கு வந்த கூட்டம் பெரிய கூட்டம். மஞ்சக்குப்பத்து ஆட்கள், சிதம்பரத்து ஆட்கள், அந்தப் பழைய அதிகாரி, பெட்டிக்கடைக்காரர். தெருமுனையில் குழுகுழுவாக நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா இருந்திருந்தால் யார் பக்கத்தில் போய் நிற்பது என்று திண்டாடியிருப்பார்.

காரியத்தன்று சாப்பாடு முடிந்ததும் அண்ணனைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். தெருவைத் தாண்டி, காலி மனையின் கடைசியில், ஆள் அரவமே இல்லாத இடத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார். ரொம்பக் கிழவராகத் தெரிந்தார். ஆயிரம் கோபம் இருந்தாலும் அவர் அப்படி நின்றது எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. பக்கத்தில் போகலாம் என்று நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். சிகரெட் இல்லாத கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கிட்ட வராதடா" என்றார். "அங்கயே நில்லு."

நின்றேன். எங்களுக்கு நடுவில் ஒரு பஸ் நிறுத்துகிற அளவுக்கு இடம் இருந்தது.

"பந்தி முடிஞ்சிடுச்சா?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சிண்ணா" என்று நானும் சத்தமாகச் சொன்னேன்.

"தங்கச்சி சாப்பிட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிக்கிற வரைக்கும் திரும்பவில்லை.